பிரசங்கம் செய்யத் தவணை கேட்டவர்

புனித அகுஸ்தீனாரைப் பற்றி நாம் கேள்விப்பட்டதெல்லாம் பெரும்பாலும் அவருடைய தாயார் மோனிக்கம்மாளின் கண்ணீரோடு நின்றுவிடுகிறது. தாய் அழுது ஜெபித்தாள், தறிகெட்டுத் திரிந்த மகன் மனந்திரும்பினான், பெரிய ஆயரானான். உண்மைதான். ஆனால் மனந்திரும்பியவர் மறுநாளே பிரசங்க மேடை ஏறிவிடவில்லை. இடையில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழிந்தன. வாழ்க்கை வரலாறுகள் விரைந்து தாண்டிவிடும் அந்த ஆண்டுகளைப் பற்றியே இந்த ஜூபிலி மலரில் சற்று விரிவாகச் சொல்ல விழைகிறோம்.

கி.பி. 354 நவம்பர் 13-ஆம் நாள் வட ஆப்பிரிக்காவிலுள்ள தகாஸ்தே என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இன்றைய அல்ஜீரியா நாட்டின் சூக் அஹ்ராஸ் என்னும் ஊர் அது. தந்தை பத்ரீசியார் சிறிதளவு நிலபுலம் உடையவர். நெடுநாள் அஞ்ஞானியாயிருந்து, கடைசிக் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். மகனைப் படிக்கவைக்க வேண்டும் என்பதில் மட்டும் தாய்க்கும் தந்தைக்கும் கருத்து வேற்றுமையே இல்லை.

கார்த்தேஜ் நகரில் படித்துக்கொண்டிருந்தபோது, 19-ஆம் வயதில், சிசெரோ எழுதிய ஒரு நூல் அகுஸ்தீனார் கையில் கிடைத்தது. ஞானத்தைத் தேட வேண்டும் என்ற தாகம் அவருக்கு அதனால் பிறந்தது. உடனே வேதாகமத்தைத் திறந்தார். அக்காலத்து இலத்தீன் மொழிபெயர்ப்பு கரடுமுரடானது. சிசெரோவின் இனிய நடையில் ஊறிய காதுக்கு அது பட்டிக்காட்டுப் பேச்சாகப் பட்டது. மூடி வைத்துவிட்டார். பிறகு மானிக்கேயர் என்ற பதிதக் கூட்டத்தாரோடு சேர்ந்து ஒன்பது ஆண்டுகளைக் கழித்தார். பழைய ஏற்பாட்டைக் குறைகூறி நகைப்பது அக்கூட்டத்தாரின் வழக்கம். வேதாகமத்தில் குற்றம் கண்டுபிடிக்கும் கலையை அவர் அங்கே கற்றார்.

384-ஆம் ஆண்டு மிலான் நகரில் அணியிலக்கணப் பேராசிரியராக அமர்ந்தார். பேரரசரின் அரண்மனை அப்போது அந்நகரில் இருந்தது. ஆயர் அம்புரோசியாரின் பிரசங்கத்தைக் கேட்கப் போனார். எதற்கு? பேச்சு எப்படி இருக்கிறது என்று எடைபோடத்தான்! ஆனால் சொல்லைக் கேட்கப் போன இடத்தில் பொருளும் சேர்ந்து உள்ளே நுழைந்துவிட்டது. தாம் எள்ளி நகையாடிய பழைய ஏற்பாட்டுப் பகுதிகளுக்கு ஆழ்ந்த ஞானப் பொருள் உண்டென்று கண்டார். சில வேளைகளில் ஆயரைப் பார்க்கப் போவார். ஆயரோ உதடு அசையாமல் வேதநூலை வாசித்துக்கொண்டிருப்பார். அந்த மௌனத்தைக் கலைக்க மனம் வராமல், பேச வந்ததைப் பேசாமலே திரும்பிவிடுவார். அம்புரோசியாரின் பிரசங்கங்களுக்கு நிகராக அந்த மௌனமும் அவருக்குப் போதித்திருக்கும் என்பது எம் எண்ணம்.

386-ஆம் ஆண்டு கோடையில், மிலான் நகரத்துத் தோட்டமொன்றில், புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் சில வரிகள் அவரை வென்றன. அது எல்லோரும் அறிந்த நிகழ்ச்சி.

அறியாதது அதற்குப் பின்னால் வருவது. பேராசிரியர் பதவியைத் துறந்தார். நண்பர் ஒருவருக்குச் சொந்தமான கசிசியாக்கும் என்ற நாட்டுப்புற வீட்டில் தாயாரோடும் மகன் அதேயோதாத்துசோடும் நண்பர்களோடும் தங்கினார். அங்கே தாவீதரசரின் சங்கீதங்களைக் கையில் எடுத்தார். இம்முறை அவற்றை ஜெபமாகச் சொன்னார். 4-ஆம் சங்கீதத்தைச் சொல்லும்போது அவருக்கு ஒரு வினோதமான ஆசை எழுந்தது. தம் பழைய தோழர்களான மானிக்கேயர் அருகில் எங்காவது நின்று, தம் முகத்தைப் பார்த்து, தம் குரலைக் கேட்க வேண்டும். ஆனால் அவர்கள் கேட்பது தமக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் தம் குரல் மாறிவிடும், அவர்களுக்காகப் பேசியதாகிவிடும் என்று அஞ்சினார். பேச்சை விற்றுப் பிழைத்த மனிதருக்குத் தம் நாவின் ஆபத்து தெரிந்திருந்தது. விசுவாசத்தைப் பிறரோடு பகிர வேண்டும் என்ற ஆசையும், அதற்குத் தாம் இன்னும் தகுதியாகவில்லை என்ற அச்சமும் ஒரே நாளில் பிறந்தன போலும்.

அந்த வீட்டிலேயே ஒருமுறை பொறுக்க முடியாத பல்வலி வந்து, வாய் பேச முடியாமற் போயிற்று. தமக்காக மன்றாடும்படி மெழுகுப் பலகையில் எழுதிக் காட்டினார். எல்லோரும் முழந்தாளிட்டதும் வலி நீங்கியது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாக எதை வாசிக்கலாம் என்று அம்புரோசியாரிடம் கடிதம் மூலம் கேட்டார். இசையாஸ் தீர்க்கதரிசி ஆகமத்தை வாசிக்கும்படி பதில் வந்தது. முதற் பகுதியே விளங்கவில்லை. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார். மாநகரின் பேராசிரியர் இதை ஒளிக்காமல் எழுதியிருப்பது எமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

387-ஆம் ஆண்டு தவக்காலத்தில் மிலானுக்குத் திரும்பிப் பெயர் கொடுத்தார். அக்காலத்தில் ஞானஸ்நானம் கேட்பவர்கள் வாரக்கணக்கில் ஒருசந்தி இருந்து ஆயரின் போதனையைக் கேட்பார்கள். விசுவாசப் பிரமாணம் வாய்மொழியாகவே சொல்லித்தரப்படும். அதை எழுதி வைக்கலாகாது, நெஞ்சில்தான் எழுத வேண்டும். படித்தவர், படியாதவர் எல்லோருக்கும் ஒரே விதி. ஏப்ரல் 24-ஆம் நாள் பாஸ்கா இரவில் அகுஸ்தீனாரும் அவருடைய மகனும் நண்பர் அலிப்பியுசும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதே ஆண்டில் மோனிக்கம்மாள் ஒஸ்தியா துறைமுகத்தில் தமது 56-ஆம் வயதில் கண்மூடினார்.

388-ஆம் ஆண்டு தாய்நாடு திரும்பியவர் சொத்துகளை விட்டுவிட்டுத் தகாஸ்தேயில் நண்பர்களோடு ஒருசந்தியிலும் ஜெபத்திலும் வேத தியானத்திலும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். மகன் அங்கேதான் இளவயதிலே இறந்தான். தம்மைப் பிடித்து ஆயராக்கிவிடுவார்கள் என்று பயந்து, ஆயர் இல்லாத ஊர்ப்பக்கமே போகமாட்டார். ஹிப்போ நகரில் ஆயர் வலேரியார் இருந்தார். எனவே 391-ஆம் ஆண்டு துணிந்து அங்கே போனார். அங்கே கோவிலில் ஆயர் தமக்கு ஒரு குருவானவர் தேவை என்று சொன்னதுதான் தாமதம், மக்கள் அகுஸ்தீனாரைப் பிடித்து முன்னே இழுத்து வந்துவிட்டார்கள். அவர் அழுதார். ஆயர் பட்டம் கிடைக்காமல் வெறும் குருப்பட்டம்தானா என்று அழுகிறார் எனச் சிலர் நினைத்துக்கொண்டு, அதற்கும் நாள் வரும் என்று தேற்றினார்களாம்!

குருப்பட்டம் பெற்ற கையோடு அவர் வலேரியாருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. வரும் பாஸ்கா வரையிலாவது தவணை வேண்டும், வேதாகமத்தைப் படிக்கவும் ஜெபிக்கவும் அழவும் ஓய்வு வேண்டும் என்று அதில் கெஞ்சினார். தம் சொந்த மீட்புக்கு வேண்டியதை அறிந்து விசுவசிப்பது ஒன்று. அதையே மற்றவர்களின் மீட்புக்காகப் பரிமாறுவது வேறு. இரண்டாவது தமக்குத் தெரியவில்லை என்றார். இதைக் கேட்டவருக்குப் பேச வராமலில்லை. அரசவையில் பேரரசரைப் புகழ்ந்து உரையாற்றியவர் அவர்.

வலேரியார் கிரேக்கர், இலத்தீனில் தடுமாறுவார். ஆயர் முன்னிலையில் குரு பிரசங்கிப்பது ஆப்பிரிக்கச் சபைகளில் வழக்கமில்லை. சில ஆயர்கள் முணுமுணுத்தும் பொருட்படுத்தாமல் அவரையே பேசவைத்தார். 393-ஆம் ஆண்டு ஹிப்போவில் கூடிய ஆயர்களுக்கு விசுவாசப் பிரமாணத்தை விளக்கியவர் இந்தக் குருதான். 395-ஆம் ஆண்டையொட்டி அவரே ஆயரானார்.

மிலானில் தாம் நின்ற இடத்தில் இப்போது பிறர் நின்றார்கள். பிரமாணத்தைப் படுக்கும்போதும் எழும்போதும் சொல்லிப் பார்க்குமாறு அவர்களுக்குக் கற்பித்தார். கார்த்தேஜ் நகரில் புதியவர்களுக்கு உபதேசம் செய்துவந்த தேயோகிராசியாஸ் என்ற திருத்தொண்டர், தம் பேச்சு தமக்கே சலித்துப்போவதாக முறையிட்டார். ஞானோபதேச வகுப்பு எடுக்கும் எவருக்கும் தெரிந்த அலுப்புதான்! அவருக்காக ஒரு நூலே எழுதினார். கேட்பவர் நின்று களைத்தால் உட்காரச் சொல்லவேண்டும் என்பதுவரை அதில் உண்டு. எதைச் சொன்னாலும் ஏறாதவரிடம் கடவுளைப் பற்றி மேலும் பேசுவதைவிட, அவரைப் பற்றிக் கடவுளிடம் பேசுவது மேல் என்றும் கூறினார். பிரசங்கிப்பவர் முதலில் ஜெபிக்கிறவராக இருக்கட்டும் என்று முதுமையில் முடித்த வேறொரு நூலிலும் எழுதினார்.

அவர் பிரசங்கங்களில் ஐந்நூறுக்கு மேற்பட்டவை நமக்குக் கிடைத்துள்ளன. 1990-ஆம் ஆண்டில்கூட ஜெர்மனியின் மாயின்ஸ் நகர நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியொன்றில் 26 பிரசங்கங்கள் கண்டறியப்பட்டன.

430-ஆம் ஆண்டு வந்தாலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தது. முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் அகுஸ்தீனார் காய்ச்சலில் விழுந்தார். தாவீதரசரின் மனஸ்தாப சங்கீதங்கள் சிலவற்றை ஏடுகளில் எழுதச் செய்து, படுக்கையிலிருந்து தெரியும்படி சுவரில் வைக்கச் சொன்னார். ஏறக்குறையப் பத்து நாட்கள் மருத்துவரும் உணவு கொண்டுவருவோரும் தவிர யாரும் உள்ளே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, அவற்றை வாசித்து அழுது ஜெபித்தபடி இருந்தார். ஆகஸ்ட் 28-ஆம் நாள் உயிர் நீத்தார். கொடுப்பதற்கு ஒன்றுமில்லாததால் உயில் எழுதவில்லை. கோவில் நூலகத்தையும் அதிலுள்ள ஏடுகளையும் பின்வருவோருக்காகப் பத்திரமாகக் காக்கவேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்.