அர்னோ ஆற்றில் அலசிய சொற்கள்

1827ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரில் புதினம் ஒன்று மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. 'மணம் உறுதி செய்யப்பட்டோர்' எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அந்நூலை மக்கள் விரும்பி வாங்கினர். இசைவு பெறாமலே பிற நகரத்து அச்சகத்தார் அதை அச்சிட்டு விற்கும் அளவிற்குப் புகழ் பரவியது. ஆயினும் நூலாசிரியர் அலெசாண்ட்ரோ மன்சோனிக்கு நிறைவு ஏற்படவில்லை. கதையில் அவர் குறை காணவில்லை. கதையைச் சொன்ன மொழியிலேதான் குறை கண்டார்.

மன்சோனி 1785 மார்ச் 7 அன்று மிலானில் பிறந்தார். குற்றமும் தண்டனையும் பற்றி எழுதி ஐரோப்பாவையே சிந்திக்க வைத்த சேசரே பெக்காரியா அவருடைய தாய்வழிப் பாட்டனார். மன்சோனி வீட்டில் பேசியது மிலான் வட்டார மொழி. ஆறு வயது முதல் விடுதிப் பள்ளிகளில் பயின்றது இலத்தீனும் ஏட்டு இத்தாலியமும். இருபது வயதில் பாரிசில் இருந்த தாயிடம் சென்று சில ஆண்டுகள் வாழ்ந்தபோது பிரெஞ்சு அவருக்கு இயல்பாக வாய்த்தது. மண்டியில் பேரம் பேசுவோரும் மன்றத்தில் உரையாற்றுவோரும் ஒரே பிரெஞ்சைப் பேசக் கண்டு அவர் வியந்தார். இத்தாலியம் அப்படி இல்லை. பழைய புலவர்களின் நூல்களில் உறைந்து நின்ற அம்மொழி ஏறத்தாழ இறந்த மொழிதான் எனப் பாரிசு நண்பர் ஃபோரியேலுக்கு எழுதிய மடல் ஒன்றில் அவர் வருந்தினார். 

1821இல் அவர் எழுதத் தொடங்கிய புதினம், ஸ்பெயினின் ஆட்சிக்கு உட்பட்ட பதினேழாம் நூற்றாண்டு லொம்பார்டியில் நிகழ்வது. பட்டு நெய்யும் இளைஞன் ரென்சோவுக்கும் லூச்சியாவுக்கும் மணம் நடக்கவிருந்த வேளையில், கொடியவன் ஒருவனின் மிரட்டலுக்கு அஞ்சிய பாதிரியார் மணத்தைத் தள்ளிப்போடுகிறார். காரணம் கேட்ட ரென்சோவிடம், சமயச் சட்டத்தின் தடைகளை இலத்தீனில் அடுக்குகிறார். புரியாத மொழியால் தன்னை ஏய்க்கிறார்கள் என்று உணர்ந்த ரென்சோ சினம் கொள்கிறான். எளியவனிடமிருந்து உண்மையை மறைக்கக் கற்றோர் மொழி திரையாவதைக் கதையிலேயே காட்டிய ஆசிரியர், அக்கதையை எளியவர் எவரும் பேசாத ஏட்டு மொழியில் எழுத நேர்ந்தது. அவருடைய மனக்குறையின் ஆணிவேர் இதுவே எனலாம்.

நூல் வெளிவந்த அதே ஆண்டின் கோடையில் தாய், மனைவி, பிள்ளைகளுடன் அவர் பிளாரன்சுக்குப் பயணமானார். அங்குக் கற்றோர் மட்டுமின்றி வண்டியோட்டியும் கடைக்காரரும் பேசிய மொழி, ஏட்டு மொழிக்கு மிக நெருங்கியதாகவும் உயிர்ப்புள்ளதாகவும் இருந்தது. சிலவாரங்கள் தங்கிச் சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்நகர அறிஞர்களான நிக்கோலினியிடமும் சோனியிடமும் நூலைக் கொடுத்துத் திருத்தம் கேட்டார். நூலின் அச்சுத்தாள்களை, அந்நகரின் அர்னோ ஆற்றில் அலச வேண்டிய படுக்கை விரிப்புகளாக வேடிக்கையாக உவமித்தார். நாடறிந்த எழுத்தாளர் தம் நாட்டு மொழியைக் கற்க மாணவர்போல் அமர்ந்த காட்சி அது.

திருத்தப் பணி பல ஆண்டுகள் நீண்டது. அதற்கிடையே 1833இல் மனைவி என்ரிக்கெத்தாவும் அடுத்த ஆண்டு மூத்த மகளும் மறைந்தனர். பிள்ளைகளுக்குக் கற்பிக்க மிலானுக்கு வந்திருந்த எமிலியா லூட்டி என்னும் பிளாரன்ஸ் பெண்ணிடம், இதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று சொல் சொல்லாகக் கேட்டு எழுதினார். பின்னர் நூற்படி ஒன்றை அவருக்கு அளித்தபோது, தம் கந்தல்களை அர்னோவில் அலசிக் கொடுத்தவர் என்று அவருக்கு நன்றி பாராட்டினார்.

அவர் மாற்றியவை பெரும்பாலும் மிகச் சிறிய சொற்களே. 'அவன்' என்பதற்கு இலக்கண நூலார் ஏற்ற எழுவாய்ச் சொல் 'எல்யி'. மக்கள் வாயில் வழங்கியது, 'அவனை' என்னும் பொருளில் மட்டுமே ஏட்டார் ஏற்ற 'லூயி'. மன்சோனி பல இடங்களில் 'லூயி'யை எழுவாயாக வைத்தார். ஏட்டு வழக்கில் 'நான் வைத்திருந்தேன்' என்பதற்கும் 'அவன் வைத்திருந்தான்' என்பதற்கும் 'அவேவா' என்னும் ஒரே வடிவம் இருந்தது. தெருவில் தன்மைக்கு 'அவேவோ' என்று வேறுபடுத்திப் பேசினர். இலக்கணம் பிழை என்று ஒதுக்கிய வடிவமே பொருளைத் தெளிவாகத் தந்தது. அதையும் அவர் ஏற்றார். இன்று இத்தாலியம் கற்கத் தொடங்குவோர் முதல் பாடங்களில் பயிலும் வடிவங்கள் இவை.

1840 முதல் 1842 வரை திருந்திய பதிப்பு படங்களுடன் பகுதி பகுதியாக வெளிவந்தது. செலவை ஏற்ற மன்சோனிக்குப் பெரும் பண இழப்பு. ஆனால் பிற்காலத்தார் படித்ததும் பள்ளிகளில் பாடமானதும் இப்பதிப்பே.

1861இல் இத்தாலி ஒரே அரசாயிற்று. அப்போது இத்தாலியம் பேசக்கூடியோர் மக்களில் நூற்றுக்கு இரண்டரைப் பேர் என்பது ஓர் ஆய்வாளரின் கணிப்பு. மற்றொருவரின் கணிப்பு ஏறத்தாழப் பத்துப் பேர். குறைந்த கணிப்பைத் தள்ளினாலும் நிலைமை வியப்பூட்டுவதே. 1868இல் கல்வி அமைச்சர் புரோலியோ அமைத்த குழுவின் சார்பில் முதுமையடைந்திருந்த மன்சோனி அறிக்கை அளித்தார். பிளாரன்சின் வாழும் வழக்கை அகராதியாக்கி, அப்பகுதி ஆசிரியர்களைப் பிற மாநிலப் பள்ளிகளுக்கு அனுப்பலாம் என்றார்.

இங்கு அவர் ஒரே நகரத்தின் மீது அளவிறந்த நம்பிக்கை வைத்துவிட்டார் என்றே கூறவேண்டும். மொழியறிஞர் அஸ்கோலி 1873இல் இதைக் கடுமையாக மறுத்தார். நாடெங்கும் கல்வியும் அறிவுப் பணியும் பெருகினால்தான் பொதுமொழி வளருமே தவிர, ஒரு நகரின் பேச்சை ஆணையால் பரப்ப இயலாது என்பது அவர் வாதம். பின்னர் நிகழ்ந்ததும் ஏறத்தாழ அதுவே. பாலாடைக் கட்டிக்குப் பிளாரன்சார் சொன்ன 'காச்சோ' பின்தங்க, வடக்கின் 'ஃபோர்மாஜோ' நாடெங்கும் பரவியது. தந்தையைப் பிளாரன்சுப் பிள்ளைகள் 'பாப்போ' என்றழைக்க, பிறர் பெரும்பாலும் 'பப்பா' என்றனர். உலகறிந்த 'ச்சாவோ' என்னும் வாழ்த்துச்சொல் வெனிசு நகரம் தந்தது. உங்கள் அடியேன் என்னும் பணிமொழியே தேய்ந்து அவ்வாறாயிற்று.

1873 தொடக்கத்தில் மிலானின் சான் ஃபெதேலே தேவாலயப் படிகளில் விழுந்து தலையில் அடிபட்ட மன்சோனி, மே 22 அன்று காலமானார். ஓராண்டு நினைவு நாளில் இசைமேதை வெர்டி தாம் இயற்றிய இரங்கலிசையை அந்நகரின் சான் மார்க்கோ தேவாலயத்தில் தாமே நடத்தி அரங்கேற்றினார். மன்சோனியின் திட்டப்படி தொடங்கிய அகராதி 1897இல்தான் நிறைவுற்றது. அதன் தலைப்பில் 'புதிய' என்பதற்குப் பிளாரன்ஸ் வழக்கான 'நோவோ' இடம்பெற்றிருந்தது. அஸ்கோலி முதலில் குறை கண்டதும் அச்சொல்லைத்தான். நாட்டு மக்கள் இன்றும் 'நுவோவோ' என்றே சொல்கின்றனர்.