பறவைகளின் காவலர் சலீம் அலி

தூக்கணாங்குருவிக் கூட்டை வியந்து பாராத தமிழர் நம்மில் இரார். அக்கூட்டுக்குள் நடைபெறும் குடும்பக் கதையை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தவர் கலாநிதி சலீம் அலி. நம் பிள்ளைகள் அறிய வேண்டிய அப்பெரியாரின் வாழ்வைச் சுருக்கமாகத் தருகிறோம்.

1896 நவம்பர் 12இல் பம்பாயில் பிறந்த இவர், சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜியிடம் வளர்ந்தார். சுமார் பத்து வயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன குருவி என்று மாமாவைக் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. ஆயினும் அவர் சிறுவனைத் தட்டிக்கழிக்காமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகச் செயலாளர் மில்லார்டிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார். மில்லார்ட் குருவியின் இனத்தைச் சொன்னதோடு, கழகத்தில் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். சலீம் அலியின் வாழ்க்கைப் பாதை அன்றே திரும்பிற்று.

அப்பாதை எளிதாக இருக்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் பறவையியலாளர் பதவி கைகூடவில்லை. 1929இல் ஜெர்மனி சென்று பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்று திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் பார்த்த வேலையும் நிதியின்மையால் இல்லாமற் போயிற்று. மனந்தளராது கிஹிம் என்னும் கடலோரக் கிராமத்தில் தங்கித் தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டும், பெண் வந்து பார்வையிடும், பிடித்தால் குடியேறும். அதன்பின் ஆண் அக்கூட்டை முடித்துவிட்டு, மற்றொரு துணைக்காக அடுத்த கூட்டைத் தொடங்கும்!

பயணங்களில் உடன் நின்ற மனைவி தெஹ்மினா 1939இல் காலமானார். அத்துயரிலும் பணி நிற்கவில்லை. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. பின்னர் டில்லன் ரிப்ளியுடன் 1968 முதல் 1974 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகளில் இலங்கைப் பறவைகளும் இடம்பெற்றன.

பரத்பூர் நீர்நிலை ஒருகாலத்தில் மகாராஜாவின் வேட்டைக்களம். சுதந்திரத்தின்பின் அதை வற்றச்செய்து வயலாக்க வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தது. சலீம் அலி பிரதமர் நேருவிடம் முறையிட, அது காப்பாற்றப்பட்டது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை மூழ்கடிக்கவிருந்த மின்திட்டத்துக்கு எதிராகவும் முதுமையில் குரல் கொடுத்தார். 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

1987இல் தமது தொண்ணூறாவது வயதில் மறைந்தார். அவர் பெயரால் 1990இல் கோயம்புத்தூரில் பறவையியல் ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது.

நாம் குடியேறிய நாட்டின் பறவைகளுக்கும் மரங்களுக்கும் பெயர் நமக்குத் தெரியாதிருக்கலாம். இங்கு பிறந்த நம் பிள்ளைகள் கேட்பார்கள். அந்த மாமாவுக்கும் விடை தெரியாதுதான்; தெரிந்தவரிடம் அனுப்பி வைத்தார். நாமும் பிள்ளைகளை நூலகத்துக்கோ அருகிலுள்ள பறவைக் காப்பகத்துக்கோ அழைத்துச் செல்வோமாக. பெயர் சொல்லி அறிந்த உயிரையே மனிதர் காக்க முன்வருவர்.