விரலுக்குக் கண் கொடுத்தவர்

சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிறவரைக் கேளுங்கள். இழை அறுந்த இடத்தை விரலே சொல்லிவிடும் என்பார். அந்த விரலையே படிக்க வைத்தவர் லூயி பிரெயில்.

1809இல் பிரான்சு தேசத்தில் பிறந்தார். தகப்பனார் குதிரைச் சேணம் தைப்பவர். 3 வயதில் தகப்பனாரின் குத்தூசியை எடுத்து விளையாடும்போது, அது கண்ணில் பாய்ந்தது. 5 வயதுக்குள் இரு கண்களும் இருண்டன.

10 வயதில் பாரிஸ் நகரில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே மேடெழுத்துப் புத்தகங்கள் சில இருந்தன. தூக்கவும் கனம், தடவிப் படிக்கவும் சிரமம். பார்பியே என்பவர் 12 புள்ளிகளில் ஒரு முறை வகுத்திருந்தார். பிரெயில் 1824இல் அதை 6 புள்ளிகளாகச் சுருக்கினார். ஓர் எழுத்து ஒரு விரல்நுனியில் அடங்கியது.

1852இல் அவர் காலமானார். பள்ளி அம்முறையை ஏற்றது 1854இல்தான்!

இன்று தமிழையும் அப்புள்ளிகளில் படிக்கிறார்கள். கையடக்கக் கருவியில் புள்ளிகள் தாமே எழுந்து தாழ்கின்றன.

கண்ணைப் பறித்ததும் ஊசி. தாளில் புள்ளி குத்தி எழுத்தைத் தந்ததும் ஊசி.