‘பாட்டா’ நம்ம ஊர் கம்பெனி இல்லையா? வரிச் சுவரைத் தாண்டிய தாமஸ் பாட்டாவின் கதை

ரப்பர் செருப்பு எந்த கம்பெனி தயாரிப்பாக இருந்தாலும் அதை ‘பாட்டா’ என்றே சொல்லும் பழக்கம் இன்னமும் பல வீடுகளில் இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால், கறுப்பு ஷூ வாங்க முதலில் நினைவுக்கு வருவதும் அந்த சிவப்பு போர்டுதான். பெயரைக் கேட்டால் டாடா, பிர்லா மாதிரி ஏதோ ஒரு இந்தியக் குடும்பம் என்றுதான் தோன்றும்.

ஆனால் பாட்டா இந்தியர் இல்லீங்க. இப்போதைய செக் குடியரசில் இருக்கும் ஸ்லீன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். முழுப்பெயர் தோமாஷ் பாட்டா. நம்ம வாயில் தாமஸ் பாட்டா.

சரி, அவர் கதையை இப்போது எதற்குப் பேச வேண்டும்? 2025 ஆகஸ்ட்டில் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 50% வரி போட்டபோது அதிகம் ஆடிப்போன ஊர்களில் ஒன்று திருப்பூர். வருடத்துக்கு சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. ஏற்றுமதியை நம்பித் தொழில் செய்பவனுக்கு இரண்டு பயம் உண்டு. ஒன்று, கரன்சி மதிப்பு தலைகீழாக மாறுவது. இன்னொன்று, வாங்குகிற நாடு வரிச் சுவர் எழுப்புவது. தாமஸ் பாட்டா இந்த இரண்டையும் பத்தே வருடத்துக்குள் சந்தித்தார். இரண்டுக்கும் அவர் செய்த வேலை வேறு வேறு.

தோல் வாங்கக் காசில்லை, துணியில் ஷூ

பாட்டா பிறந்தது 1876 ஏப்ரல் 3. அப்போது அந்தப் பகுதி ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஷூ தைக்கும் குடும்பம். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். 1894-ல் அண்ணன் அன்டோனின், சகோதரி அன்னா இருவரோடும் சேர்ந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினார். முதலீடு, அம்மா விட்டுப்போன பணம்.

ஒரே வருடத்தில் கடன் கழுத்தை நெரித்தது. அண்ணன் ராணுவத்துக்குப் போக வேண்டியதாகிவிட்டது. பொறுப்பு முழுக்க தாமஸ் தலையில். தோல் வாங்கப் பணம் இல்லை. கைக்கு எட்டியது கேன்வாஸ் துணி. அதையே மேல்பாகமாக வைத்து, அடியில் தோல் போட்டு, எடை குறைந்த மலிவான ஷூ ஒன்றைத் தைத்தார். வேறு வழியில்லாமல் செய்த அந்தத் துணி ஷூதான் ஓடியது. அன்றைய ஐரோப்பாவில் நல்ல தோல் ஷூ என்பது வசதியானவர்கள் சமாச்சாரம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் கோடைக்காலம் முழுக்க வெறுங்காலோடு திரிவது சாதாரணம். அந்தக் கால்களுக்கு ஏற்ற விலையில் ஒரு பொருள் வந்ததும் ஆர்டர் குவிந்தது. கடன் அடைந்தது.

ஆக, உலகின் மிகப்பெரிய தோல் ஷூ சாம்ராஜ்யங்களில் ஒன்றைத் தூக்கி நிறுத்தியது துணி. திருப்பூர்க்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

1904-ல் அமெரிக்கா போனார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரம் அப்போது ஷூ தொழிலுக்குப் பேர்போன ஊர். முதலாளி என்று சொல்லிக்கொள்ளாமல், அங்கே ஒரு தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். யார் எந்த வேலையை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறார்கள், எந்த மெஷினுக்குப் பக்கத்தில் எது நிற்கிறது என்று பார்த்துக்கொண்டார். ஊர் திரும்பி, ஸ்லீனில் அதையே செய்தார்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. 1906-ல் அவர் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. பாட்டா இறங்கி வரவில்லை. தொழிற்சங்கம் என்றாலே அவருக்கு ஆகாது. கடைசிவரைக்கும் அப்படித்தான் இருந்தார்.

8-ம் நம்பர், 42-ம் நம்பர்: அளவில் என்ன இருக்கிறது?

ஷூவை கையால் தைத்த காலத்தில் ‘சைஸ்’ என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. வந்தவர் காலை அளந்து, அவருக்கென்றே தைத்துக் கொடுப்பார்கள். இன்றைக்கும் லட்சக்கணக்கில் விலை சொல்லும் ஆடம்பர ஷூ கம்பெனிகள் சில விற்பது இந்தப் பழைய முறையைத்தான். வாடிக்கையாளருக்கென்று தனி மர அச்சு செய்து வைத்துக்கொள்வார்கள். அந்த அச்சுக்கு தொழிலில் பெயர் ‘லாஸ்ட்’.

ஆலையில் அது நடக்காது. ஒரு மாடலை 5-லிருந்து 10 வரை, அரை சைஸ்களோடு போட்டால் 11 சைஸ். இடது, வலது சேர்த்தால் 22 லாஸ்ட். இது ஒரே ஒரு செட். லைன் ஓட வேண்டுமானால் இப்படிப் பல செட் வேண்டும். அது மட்டுமில்லை. எந்த சைஸ் எத்தனை ஜோடி போடுவது என்ற கணக்கு தப்பினால், 7-ம் 8-ம் தீர்ந்துபோய் 5-ம் 10-ம் குடோனில் தூங்கும். பெட்டிக்குள் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்ன ரேஷியோவில் போக வேண்டும் என்று பையரோடு மல்லுக்கட்டும் மெர்ச்சண்டைசர்களுக்கு இந்த வலி நன்றாகவே தெரியும். பாட்டாவுக்கு ஒரு வசதி இருந்தது. ஆலையும் அவருடையது, கடைகளும் அவருடையவை. எது விற்கிறது என்ற தகவல் நடுவில் யாரும் இல்லாமல் நேராக வந்து சேரும்.

சைஸ் எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் முறையில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் இடைவெளி ஒரு பார்லி தானியத்தின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய முறையில் அதே இடைவெளி ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அதனால்தான் ஒரே ஷூவில் 8 என்றும் 42 என்றும் இரண்டு எண் இருக்கிறது. ஐரோப்பியக் கணக்கில் வளர்ந்த பாட்டா கம்பெனியும் இந்தியாவுக்கு வந்தபோது இங்கே வெள்ளைக்காரன் வைத்த 6, 7, 8-ல்தான் ஷூ விற்றது.

அந்த எண்கள் நம் காலை அளந்து வைத்தவை அல்ல. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை 3டி ஸ்கேன் செய்து பார்த்தது. இந்தியக் கால்கள் ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட அகலம் என்று தெரியவந்தது. நீளம் சரியாக இருந்தும் விரல் பக்கம் கடிக்கிறதே என்று பெரிய சைஸாக வாங்கி, லேஸை இழுத்துக் கட்டி நடப்பதற்குக் காரணம் இதுதான். இந்தியாவுக்கென்று எட்டுப் பிரிவுகள் கொண்ட புதிய அளவு முறை பரிந்துரைக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் ‘பா’, பாரத் என்பதன் முதல் எழுத்து. பாட்டாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!

1922: விலையில் பாதி

முதல் உலகப்போரில் ராணுவத்துக்கு பூட்ஸ் தைத்துக் கொடுத்து பாட்டா பெரிய ஆளாகிவிட்டார். போர் முடிந்தது, ஆர்டரும் முடிந்தது. பேரரசு உடைந்து செக்கோஸ்லோவாக்கியா என்ற புதிய நாடு பிறந்தது. 1922-ல் அந்த நாட்டின் கரன்சியான கொருனாவின் மதிப்பு வேகமாக ஏறியது. கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். ஏற்றுமதியாளருக்கு அது இடி. நாளைக்கே டாலரின் ரூபாய் மதிப்பு பாதியாக இறங்கினால் திருப்பூரில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நூல் பழைய விலையில் வாங்கியது, கூலி பழைய கூலி, வரும் பணம் மட்டும் பாதி. அங்கேயும் அதுதான் நடந்தது. ஆலைகள் வரிசையாக மூடின. பாட்டாவின் குடோனிலும் சரக்கு தேங்கியது.

1922 ஆகஸ்ட் இறுதியில் அவர் எல்லா ஷூ விலையையும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார். விலைவாசியை ஒரு முஷ்டி நசுக்குவது போல போஸ்டர் ஒட்டினார். கடைகளில் கூட்டம் அலைமோதியது. தேங்கிய சரக்கு பணமானது. அந்தப் பணத்தில், விலை இறங்கிக் கிடந்த மூலப்பொருளை வாங்கிப் போட்டார். போட்டியாளர்கள் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தபோது இவர் ஆலை ஓடிக்கொண்டிருந்தது.

பெரும்பாலான வாழ்க்கைக் கதைகள் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடும். கூலி விஷயம் பாக்கி இருக்கிறது. பாட்டா தொழிலாளர்களின் கூலியை 40% வெட்டினார். அதற்குப் பதிலாக உணவு, உடை போன்றவற்றை கம்பெனி கடைகளில் பாதி விலைக்குக் கொடுத்தார். கடை அவருடையது, வீடுகள் அவர் கட்டியவை. அடுத்த வருடம் ஊருக்கு மேயரும் அவரே. அப்படி ஒரு பிடி இருந்தால்தான் இந்தக் கணக்கு நடக்கும். சனிக்கிழமை சம்பளத்தை வாங்கி, லைன் வீட்டு வாடகையும் மளிகைக் கடை பாக்கியும் கொடுக்கும் பீஸ் ரேட் டெய்லரிடம் 40% குறைத்துக்கொள் என்று சொல்ல முடியாது. சொன்னால் மறுநாள் வேறு கம்பெனி, இல்லையென்றால் ஊருக்கு ரயில்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பாட்டாவிடம் தோல் பதனிடுவதிலிருந்து மெஷின் செய்வது வரை ஒரே கூரையின் கீழ் இருந்தது. எங்கே எவ்வளவு குறைக்கலாம் என்று அவரே முடிவு செய்யலாம். திருப்பூரில் நிட்டிங் ஒருவர், டையிங் ஒருவர், காம்பாக்டிங் ஒருவர், எம்ப்ராய்டரி இன்னொருவர். ஒரு ஏற்றுமதியாளர் தன் லாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஜாப் ஒர்க் பில் தானாகக் குறையாது. இந்தப் பிரிவினைதான் சின்ன முதலீட்டில் யார் வேண்டுமானாலும் தொழிலுக்குள் வர வழி செய்தது. நெருக்கடி வந்தால் ஆளாளுக்கு அடி வாங்குவதும் அதனால்தான்.

சுவர் எழுந்தால் உள்ளே போய்விடு

1929-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. அடுத்த இரண்டு, மூன்று வருடங்களில் நாட்டுக்கு நாடு வரியை ஏற்றின. மலிவான செக் ஷூ உள்ளே வரக் கூடாது என்று பல நாட்டு ஷூ தயாரிப்பாளர்கள் கொடி பிடித்தார்கள். விலை குறைப்பு வித்தை இந்த முறை எடுபடாது. எவ்வளவு குறைத்தாலும் வாசலில் வரி நிற்கிறது.

பாட்டா சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். ஜெர்மனி, போலந்து, யூகோஸ்லாவியா, சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து என்று, சரக்கு விற்ற நாடுகளிலேயே ஆலை அமைக்கும் திட்டத்தைத் தொடங்கினார். ஒரே மாதிரி செங்கல் கட்டடம், பக்கத்தில் தொழிலாளர் வீடுகள், பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல். ஸ்லீனை அச்சு எடுத்து ஊர் ஊராக வார்த்த மாதிரி.

இந்தியா அந்தப் பட்டியலில் சேர்ந்தது அப்போதுதான். 1931 டிசம்பரில் சொந்த விமானத்தில் ஆசியாவைப் பார்க்கக் கிளம்பினார். கோடிக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு நடக்கும் நாட்டைப் பார்த்தால் இங்கே ஷூ விற்காது என்று ஒரு வியாபாரி திரும்பிப் போகலாம். அவருக்கு அத்தனை கால்களும் வாடிக்கையாளராகத் தெரிந்தன. அதே மாதம் கல்கத்தாவில் இந்தியக் கம்பெனி பதிவானது. 1932-ல் ஹூக்ளி கரையில் கொன்னகரில் சிறிய அளவில் தயாரிப்பு தொடங்கியது.

அது வளர்ந்ததை அவர் பார்க்கவில்லை. 1932 ஜூலை 12 அதிகாலை, சுவிட்சர்லாந்து ஆலைக்குப் போவதற்காக ஸ்லீன் அருகே ஒட்ரோகோவிட்சே விமானதளத்துக்கு வந்தார். கடும் பனிமூட்டம். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே விமானம் விழுந்தது. அவரும் விமானியும் இறந்தார்கள். பாட்டாவுக்கு வயது 56.

பிறகு என்ன ஆனது?

பொறுப்பு மாற்றாந்தாய் வழித் தம்பி யான் அன்டோனினுக்குப் போனது. 1934-ல் கல்கத்தாவுக்குத் தெற்கே பெரிய ஆலைக்கு அடிக்கல் போட்டார்கள். அதைச் சுற்றி எழுந்த ஊர்தான் பாட்டாநகர். பிற்காலத்தில் நம்ம ஓசூரிலும் பாட்டா ஆலை வந்தது. 1973-ல் இந்தியக் கம்பெனியின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. விலையை 99 என்று முடிப்பதற்கு ‘பாட்டா விலை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஸ்லீன் கதை வேறு மாதிரி போனது. இரண்டாம் உலகப்போர் வெடித்த 1939-ல் மகன் தாமஸ் கனடாவுக்குப் போய் அங்கே ஆலை தொடங்கினார். 1945-ல் செக் அரசு தாய் ஆலையை நாட்டுடைமை ஆக்கியது. குடும்பத்துக்கு மிஞ்சியது வெளிநாடுகளில் கட்டி வைத்தவைதான். பிறகு ஆலையின் பெயரிலிருந்து ‘பாட்டா’ எடுக்கப்பட்டது. 1949-ல் ஊரின் பெயரையே கம்யூனிஸ்ட் தலைவர் ஒருவரின் பெயருக்கு மாற்றி, கோட்வால்டோவ் ஆக்கினார்கள். ஸ்லீன் என்ற பெயர் திரும்பி வர 1990 ஆனது. அந்த 40 வருடமும் வங்காளத்தில் பாட்டாநகர் பாட்டாநகராகவே இருந்தது.