மிரட்டிப் பார்த்த லாலி

செம்மண்டலம் தாண்டி தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகாத கடலூர் மாணவர் உண்டா? அங்கே கெடிலக் கரையில் சிதைந்து கிடக்கிறதே செயின்ட் டேவிட் கோட்டை, அதைத் தகர்த்தவர் பிரெஞ்சுத் தளபதி லாலி. நம் மலருக்காக அவர் கதையைத்தான் எழுதுகிறேன்.

அயர்லாந்து வம்சத்தவர், 1702-இல் பிரான்சில் பிறந்தார். 1745-இல் ஃபோந்தனுவா போரில் பெயர் வாங்கினார். 1758 ஏப்ரல் கடைசியில் புதுச்சேரியில் வந்து இறங்கியதுமே கடலூர் மீது படையை ஏவினார். ஜூன் 2-இல் கோட்டை விழுந்தது.

அடுத்துப் பணம் வேணுமே! புதுச்சேரி கஜானா காலி. தஞ்சை மன்னர் பிரதாப சிம்மர் முன்பு எழுதிக் கொடுத்த 56 லட்ச ரூபாய்ப் பத்திரம் ஒன்று இருந்தது. அதை வசூலிக்கப் படையோடு கிளம்பினார். வழியில் கீவளூர்க் கோயிலில் புதையல் தேடினார். அர்ச்சகர்களை ஒற்றர்கள் என்று சந்தேகித்துப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். மன்னரையும் குடும்பத்தையும் மொரீஷியசுக்கு அடிமைகளாக அனுப்பிவிடுவதாகவும் மிரட்டினார்.

மன்னர் பணிந்தாரா? இல்லீங்க. பேச்சுவார்த்தை என்று நாளை இழுத்தார். திருச்சியிலிருந்து ஆங்கிலேயர் உதவி வந்தது. லாலியிடமோ வெடிமருந்தும் இல்லை, சோறும் இல்லை. கேட்ட பணம் கிடைக்காமலே ஆகஸ்டில் திரும்பினார்.

அமெரிக்க அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1966-இல் எழுதிய நூலில் ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறார். பலத்தால் பறிப்பது வேறு. மிரட்டிக் கொடுக்க வைப்பது வேறு. கோட்டையைப் பறிக்க எதிரியின் சம்மதம் தேவையில்லை. பணத்தைக் கொடுக்க வைக்கணும்னா அவன் மனசு இணங்கணும். சொன்னதைச் செய்வான் என்ற பயம் மட்டும் போதாது. கொடுத்தா விட்டுடுவான் என்ற நம்பிக்கையும் வேணும். கீவளூரில் அந்த நம்பிக்கையை லாலியே சுட்டுப் பொசுக்கிவிட்டார்.

பிறகு எல்லாமே இறங்குமுகம். சென்னை முற்றுகை 1759 பிப்ரவரியில் தோற்றது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோல்வி, 1761 ஜனவரியில் புதுச்சேரியும் போனது. பிரான்சில் துரோகி என்று விசாரித்து, 1766 மே 9-இல் தலையை வெட்டினார்கள். மகனும் வால்டேரும் போராடியதால் 1778-இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

மாணவத் தம்பி, தங்கைகளே! ஒரு நாடு இன்னொன்றை மிரட்டுகிற செய்தியைப் பேப்பரில் படித்தால் இரண்டு கேள்வி கேளுங்க. மிரட்டுகிறவரால் சொன்னதைச் செய்ய முடியுமா? பணிந்து போனால் நிறுத்துவாரா? பதில் தேட தேவனாம்பட்டினம் வரைக்கும் நடந்து போனாலே போதும்.