அழிக்கப்பட்ட கடிகாரம்

எட்வர்ட் கர்ட்டிஸ் 1868ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வறிய போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. சியாட்டில் நகரில் ஸ்டுடியோ நடத்திச் செல்வர்களின் முகங்களைப் படமெடுத்துவந்த அவர், 1890களின் நடுவில் கடற்கரையில் சிப்பி பொறுக்கி வாழ்ந்த ஆஞ்சலின் என்னும் மூதாட்டியைப் படத்துக்கு ஒரு டாலர் கொடுத்து எடுத்தார். அந்நகரம் தாங்கி நிற்கும் பெயருக்கு உரியவரான பழங்குடித் தலைவரின் மகள் அவர்.

பழங்குடிகள் விரைவில் மறைந்துவிடுவர், அதற்குள் அனைத்தையும் பதிவுசெய்துவிட வேண்டும் என்ற எண்ணம் கர்ட்டிஸைப் பிடித்துக்கொண்டது. 1906இல் செல்வர் ஜே.பி. மார்கன் 75,000 டாலர் அளித்தார். அதில் கர்ட்டிஸுக்கு ஊதியம் கிடையாது. 1907 முதல் 1930 வரை இருபது தொகுதிகள் வெளிவந்தன. எண்பதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள், நாற்பதாயிரம் படங்கள், மெழுகு உருளைகளில் பதிந்த பல்லாயிரம் பாடல்களும் பேச்சுகளும். தனியொருவர் தலைமையில் நடந்த உழைப்பு இது என்பதை நம்புவது கடினம்.

1910இல் பீகன் குடியினரின் கூடாரத்தில் தந்தையும் மகனும் அமர்ந்திருக்க ஒரு படம் எடுத்தார். இருவருக்கும் நடுவே ஒரு கடிகாரம் இருந்தது. அச்சிட்ட படத்தில் அது இல்லை. நம் ஸ்டுடியோக்காரர்கள் டச்சிங் என்பார்களே, அதைச் செய்து நீக்கிவிட்டார். பழமைக்குள் கடிகாரம் இருக்கலாகாது என்பது அவர் எண்ணம். கவிதையில் நாமும் இப்படிச் சிலவற்றை நீக்குகிறோம். ஆனால் அவர் எழுதியது கவிதையன்று, ஆவணம். சடங்குகளைத் தடைசெய்த அரசாணையும், குழந்தைகளைக் கொண்டுசென்று அடைத்த விடுதிப் பள்ளியும் அவர் படங்களில் பெரிதும் இடம்பெறவில்லை. 1904இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில் நவஹோ குதிரைவீரர்கள் இருளை நோக்கிச் செல்கின்றனர். பொழுது சாய்வதுபோல் அவ்வினம் தானாகவே மறைகிறது என்று அப்படம் சொல்கிறது. சட்டத்தின் கை அதில் தெரியவில்லை.

மணவாழ்வு முறிந்தது. ஜீவனாம்சம் கட்டவில்லை என்று 1927இல் சியாட்டிலில் கைதானார். விற்ற பிரதிகள் முந்நூறைத் தொடவில்லை. 1935இல் எஞ்சிய பிரதிகளும் தகடுகளும் பாஸ்டன் புத்தக வணிகர் ஒருவருக்கு ஆயிரம் டாலருக்குப் போயின. 1952இல் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தபோது அவரை அறிந்தோர் சிலரே.

மறைந்துவிடுவர் என்று அவர் கருதியவர்கள் மறையவில்லை. குவாக்கியூட்ல் மக்களை நடிக்கவைத்து 1914இல் அவர் வெளியிட்ட மௌனப்படத்தின் சிதைந்த பிரதி பின்னாளில் கிடைத்தது. 1970களில் அம்மக்களே தம் மொழியில் பேசியும் பாடியும் அதற்கு ஒலி சேர்த்தனர்.