ரொட்டி வண்டி தள்ளிய சிறுவன்

 

பரிசளிப்பு விழா மலர் என்றால் ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாறு இருக்க வேண்டும். காந்தியடிகள், பாரதியார் பற்றியெல்லாம் நீங்கள் நிறையப் படித்துவிட்டீர்கள். இந்த முறை காதுக்குப் புதிய பெயர் ஒன்றைச் சொல்லப் போகிறேன். பாவோ நூர்மி. ஐரோப்பாவின் வடகோடியில் பனி கொட்டும் பின்லாந்து நாட்டைச் சேர்ந்த ஓட்டக்காரர். பின்லாந்துக்காரருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

சென்ற பள்ளி விடுமுறையில் மாணவர்கள் சிலரைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப் போனோம். தேக்காவில் பசியாறிவிட்டு, சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, ஃபேரர் பார்க் பக்கம் நடந்தோம். 1933 வரை அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. பிறகு அது விளையாட்டுத் திடலாயிற்று. ஆசிரியராக வேலை பார்த்த சி. குணாளன் அங்கே ஓடிப் பழகியவர்தான். 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். சிங்கப்பூரில் 2001 வரை அந்தச் சாதனையை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

இதைச் சொன்னபோது, நம் பள்ளியிலேயே வேகமாக ஓடக்கூடிய ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அம்மா ஒருவர் சம்பளம்தான், இனிமேல் ஓட்டமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம், எங்காவது வேலைக்குப் போகிறேன் என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. திரும்பும் வழியில், பஸ் ஜொகூர் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவனுக்கு நூர்மியின் கதையைச் சொன்னேன். அதுதான் இது.

1897 ஜூன் 13-ல் பின்லாந்தின் துர்க்கு நகரில் ஒரு தச்சருடைய வீட்டில் பாவோ பிறந்தார். 1910-ல் தகப்பனார் இறந்துபோனார். மூத்த பிள்ளை பாவோதான். தாயார் சமையலறையை வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பிள்ளைகளோடு ஒரே அறையில் குடியிருந்தார். லயத்து வீட்டில் வளர்ந்த நமக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லியா தெரிய வேண்டும்? பாவோ நன்றாகப் படிக்கிற பையன். ஆனாலும் பள்ளியை விட்டுவிட்டு ரொட்டிக்கடையில் எடுபிடி வேலைக்குப் போனார். பாரம் ஏற்றிய வண்டியைச் செங்குத்தான மேட்டிலே தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த வேலைதான் காலுக்கும் முதுகுக்கும் உரம் ஏற்றியது.

1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் நடந்தது. அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. ஹான்னெஸ் கோலெஹ்மைனென் என்ற பின்லாந்து வீரர் நெடுந்தூர ஓட்டங்களில் மூன்று தங்கம் வாங்கினார். செய்தி கேட்ட பதினைந்து வயதுப் பாவோவுக்கு உள்ளுக்குள் தீப்பற்றிக்கொண்டது. சில நாட்களில் தம் முதல் ஓட்டச் சப்பாத்தை வாங்கினார். எட்டு ஆண்டுகள் விடாமல் பயிற்சி செய்தார். இதற்கிடையே 1917-ல் பின்லாந்து சுதந்திரம் பெற்றது.

1920-ல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் முதல் ஒலிம்பிக். 5,000 மீட்டரில் பிரெஞ்சு வீரர் ஒருவரிடம் தோற்று வெள்ளி. ஆனால் 10,000 மீட்டரிலும், குறுக்கோட்டத்தில் தனியாகவும் குழுவாகவும் மூன்று தங்கம். பிறகு அவர் கையில் ஒரு கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டே ஓடலானார். அடுத்தவன் எங்கே வருகிறான் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சுற்றையும் தாம் கணக்குப் போட்ட நேரத்தில் முடிக்கிறோமா என்பதே அவர் கவலை.

1924-ல் பாரிஸ். 1,500 மீட்டர், 5,000 மீட்டர் இரண்டின் இறுதிப் போட்டியும் ஒரே நாளில், நடுவே சுமார் ஒரு மணி நேரம்தான். நூர்மி என்ன செய்தார் தெரியுமா? அதே ஜூன் மாதத்தில் ஹெல்சிங்கியில் அந்த இரண்டு ஓட்டத்தையும் ஒரு மணி நேர இடைவெளியில் ஓடிப் பார்த்தார். இரண்டிலும் உலக சாதனை! பாரிஸிலும் இரண்டு தங்கமும் அவருக்கே. இரண்டு நாள் கழித்துக் கொளுத்தும் வெயிலில் குறுக்கோட்டம். ஓடத் தொடங்கியவர்கள் 38 பேர், முடித்தவர்கள் 15 பேர். முதலில் வந்தவர் நூர்மி. அந்த ஒரே ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம்.

1928-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு தங்கம், இரண்டு வெள்ளி. அங்கே நடந்த ஒரு சம்பவம் பதக்கத்தைவிடப் பெரியது. தடைதாண்டும் நெடுந்தூர ஓட்டத்தின் தகுதிச் சுற்றில் நூர்மி தண்ணீர்க் குழியில் விழுந்துவிட்டார். லூசியன் டுக்கேன் என்ற பிரெஞ்சு வீரர் நின்று கை கொடுத்துத் தூக்கினார். நூர்மி அதை மறக்கவில்லை. மிச்ச தூரமும் அவரை இழுத்துக்கொண்டே ஓடி, முடிவில் அவரை முதலில் போகச் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். யாரோடும் அதிகம் பேசாத, சிரிக்காத மனிதர் என்று பெயர் வாங்கியவர்தான் இந்த நூர்மி!

மொத்தம் 9 தங்கம், 3 வெள்ளி. பத்தாவது தங்கத்துக்காக 1932-ல் லாஸ் ஏஞ்சலிஸில் மராத்தான் ஓடக் காத்திருந்தார். ஆனால் ஜெர்மனிச் சுற்றுப்பயணத்தில் வழிச்செலவுக்கு அளவுக்கு மிஞ்சிப் பணம் வாங்கினார், ஆகவே அவர் தொழில்முறை ஓட்டக்காரர் என்று சொல்லி, உலகத் தடகள சம்மேளனம் அவரைத் தடுத்துவிட்டது. அமெரிக்கா வரை போன மனிதர் ஓட முடியாமல் திரும்பினார். அந்தக் காயம் ஆற வெகுகாலம் பிடித்தது.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1952 ஜூலை 19, ஹெல்சிங்கி. மழையில் நனைந்த ஒலிம்பிக் அரங்கு. தீபத்தை ஏந்தி உள்ளே ஓடி வந்தவர் யார் என்று தெரிந்ததும் கூட்டம் ஆர்ப்பரித்தது. 55 வயது நூர்மி! திடலில் இருந்த தீபத்தை அவர் ஏற்றினார். உயரே கோபுரத்தில் தீபம் ஏற்றியவர், 1912-ல் அவருக்கு ஆசையை மூட்டிய அதே கோலெஹ்மைனென். அந்த ஒலிம்பிக்கில் சிங்கப்பூரிலிருந்து ஐந்து பேர் கலந்துகொண்டார்கள். நீச்சல் வீரர் நியோ சுவீ கோக்கும், சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் வீராங்கனை டாங் புய் வாவும் அவர்களில் இருவர். யாழ்ப்பாணத் தமிழர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் இலங்கைக்காக உயரம் தாண்டினார். இவர்கள் யாரும் பதக்கம் வாங்கவில்லை. ஆனாலும் போய் நின்றார்கள். அதனால் பின்னால் வந்தவர்களுக்கு வழி தெரிந்தது.

ஓட்டத்தை நிறுத்திய பிறகு நூர்மி ஹெல்சிங்கியில் துணிக்கடை வைத்தார், அடுக்குமாடி வீடுகள் கட்டினார், பெரிய செல்வரானார்.  1968-ல் இதயநோய் ஆராய்ச்சிக்காக அறக்கட்டளை நிறுவினார். 1973 அக்டோபர் 2-ல் காலமானார். அரசு மரியாதையோடு நாடே அவரை வழியனுப்பியது.

பெற்றோர்களே, ஒன்றைக் கவனியுங்கள். பள்ளியை விட்ட பையன் கடைசியில் தம் பணத்தை அறிவுக்கே கொடுத்தார். வறுமை அவர் காலைக் கட்டவில்லை. ஆனால் படிப்பைப் பறித்துக்கொண்டது. நம்ம பிள்ளைகளுக்கு அந்த நஷ்டம் வர வேண்டாம். கஷ்டம் இருந்தால் ஆசிரியர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உதவி கேட்டுப் பார்ப்போம், பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள்.

மாணவர்களே, பக்கத்தில் ஓடுகிறவனைப் பார்க்காதீர்கள். நேற்றைய உங்களை இன்று முந்துங்கள், போதும்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். பள்ளி திறந்த முதல் நாள் காலையில், பிரட்டுக்கு ஆட்கள் போகும் நேரத்தில், திடலைச் சுற்றி ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். மாமாவிடம் இரவல் வாங்கிய பழைய கடிகாரம் அவன் கையில் இருந்தது.